சிப் தேடி ஒரு நாள்: டார்னெய்ட்டிலிருந்து ஸ்பிரிங்வேல் வரை

மெல்பேர்ண் நகரின் நடுவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் போனால் டார்னெய்ட் வரும். மலை இல்லை, கடற்கரை இல்லை, நிழல் தரும் பெருமரங்களும் அதிகம் இல்லை. எரிமலைக் குழம்பு பரவி இறுகிய கருங்கற் சமவெளி. அதன்மேல் கொஞ்சம் மண். பின்வளவில் முருங்கை நடலாம் என்று குழி தோண்டியவர்களுக்கு இந்தக் கல்லின் குணம் தெரியும். காற்று மட்டும் குறைவில்லாமல் வீசும். இந்நிலத்தின் ஆதிக்குடிகளான வதவுறங் மக்களின் மொழியில் வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன்னர் இது புல்வெளியும் கல்லடுக்கு வேலிகளுமாகத்தான் கிடந்தது.

இன்று அப்படியில்லை. 2015 ஜூன் 21இல் டெரிமட் வீதியோரம் புகையிரத நிலையம் திறக்கப்பட்டது. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கு வாழ்வோர் தொகை 56 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வேலை நாட்களில் காலை ஏழு மணிக்குப் பிறகு நிலையத்தின் கார்த் தரிப்பிடத்தில் இடம் பிடிப்பது, நல்லூர்த் தேரன்று செருப்பு வைக்க இடம் தேடுவது போன்றது. பஞ்சாபி பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். எம்மவரும் வருடாவருடம் கூடிக்கொண்டு வருகிறார்கள். வீடு புதிது, கராஜ் இரண்டு காருக்கு என்பது இங்கு வருவோருக்குச் சொல்லப்படும் முதற் கவர்ச்சி.

அந்தக் கராஜைப் பற்றித்தான் எழுத வந்தோம். எம்மவர் வீட்டுக் கராஜில் காரைக் காண்பது அரிது. அரிசி மூட்டை, பெரிய பிறீசர், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் டின், மழை நாளில் உடுப்புக் காயவிடும் கொடி. சில வீடுகளில் மூலையில் ஒரு மேசையும் இருக்கும். மேசையில் சோல்டர் அயன், வயிறு திறந்த பழைய றேடியோ, வயர்த் துண்டுகள். அநேகமாக அது அப்பாவின் மேசையாகத் தொடங்கிப் பிள்ளையின் மேசையாக மாறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் மைக்ரோபிட் என்ற சிறு பலகையை ஒருமுறை காட்டிவிட்டால் போதும். அன்று பின்னேரமே பிள்ளை வீட்டில் வந்து கேட்கத் தொடங்கிவிடும்.

புதிதாக வந்த குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி அல்ல. இரவு வேலைச் சம்பளத்தில் வாடகை, கார்க் கடன், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளை கேட்கும் பலகை 50, 60 டொலர் என்றால், "பிறகு பார்ப்பம்" என்ற பதில்தான் வரும். அந்தப் "பிறகு" வராமலே ஆசை அணைந்துபோன வீடுகளை நாம் அறிவோம். விலை ஏன் இப்படி ஏறியது, எங்கே என்ன கிடைக்கிறது, எதை வாங்கினால் கட்டுப்படியாகும் என்று நேரிலே பார்த்து எழுதுவோம் என்றுதான் ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பமாகப் புறப்பட்டோம்.

போகுமுன் ஒரு வார்த்தை. மைக்ரோகொன்ரோலர் என்பது விரல்நகம் அளவான ஒரு கறுப்புத் துண்டு. அதற்குள்ளேயே கணக்குப் பார்க்கும் பகுதி, நினைவகம், வெளியே உள்ள சாமான்களோடு தொடர்புகொள்ளும் கால்கள் எல்லாம் அடக்கம். சோறு அவிக்கும் குக்கர், சலவை இயந்திரம், காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான் என்று எதற்குள்ளும் ஒன்று குந்தியிருக்கும். அதைத் தனியே வாங்கி, கணினியில் நாலு வரி எழுதி ஏற்றினால், நாம் சொல்வதை அது செய்யும். செடிக்குத் தண்ணீர் விடும், கதவு திறந்தால் மணியடிக்கும், மின்விளக்கை மினுக்கும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் விளக்கைத்தான் மினுக்குவார்கள். அந்த ஒரு விளக்கு மினுங்கும்போது அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டார்னெய்ட்டில் ரயில் ஏறினால் டியர் பார்க்கைத் தாண்டிச் சன்ஷைன் வந்துவிடும். சன்ஷைன் நோர்த்தில் முருகன் கோயில் இருப்பதால் இந்தப் பெயர் எம்மவருக்குப் பழக்கமானதே. அதே சன்ஷைனில் ஜேகார் கடையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம். சனிக்கிழமை கடைக்கு நேரத்தோடு போய்விடுவது நல்லது, முருகன் காத்திருப்பார்.

ஜேகார் 1981இல் சிட்னியில் கரி ஜோன்ஸ்ரன் என்பவர் தொடங்கிய கடை. இப்போது அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள். கமரா, பற்றரி, கார் றேடியோ எல்லாம் முன்னுக்கு இருக்கும். உள்ளே போனால் சுவரோரம் சிறு சிறு இழுப்பறைகளில் ரெசிஸ்ரர், கப்பாசிற்றர், ரான்சிஸ்ரர், எல்ஈடி. எம்மோடு வந்த 14 வயதுப் பிள்ளை அந்தச் சுவரின் முன் அரைமணி நேரம் நின்றாள். எம்மில் மூத்தவர் ஒருவர் ஊரில் றேடியோ திருத்தியவர். இழுப்பறை ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கையில் எடுத்து, நிறக்கோடுகளை வாசித்து, "நாலாயிரத்து எழுநூறு ஓம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைத்தார். மஞ்சள், ஊதா, சிவப்பு. நாற்பது வருடமாகியும் மறக்கவில்லை.

எண்பதுகளில், தொண்ணூறுகளில் இங்கு வந்து சேர்ந்த எம்மவரைக் கேட்டால் ஜேகாரை விட டிக் ஸ்மித் பற்றித்தான் சொல்வார்கள். 1968இல் சிட்னியில் கார் றேடியோ பூட்டும் சிறு கடையாகத் தொடங்கியது அது. பின்னர் நாடெங்கும் பரவி, பிள்ளைகளுக்கான பொருத்துப் பெட்டிகளும் பாடப் புத்தகங்களும் விற்றது. 1982இல் முழுதாக வூல்வேர்த்ஸ் கைக்குப் போனது. காலப்போக்கில் இழுப்பறைகள் போய்ப் பெரிய தொலைக்காட்சிகளும் தொலைபேசிகளும் வந்தன. 2012இல் மறுபடி கைமாறி, 2013இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2016 ஜனவரியில் நொடித்து, அந்த வருடம் மே மாதத்துக்குள் எல்லாக் கிளைகளையும் பூட்டினார்கள். சில்லறைச் சாமான் விற்றுப் பெரிய கட்டட வாடகை கட்ட முடியாது என்று தொலைக்காட்சி விற்கப் போனவர்கள், தொலைக்காட்சி விற்றும் தப்பவில்லை. இழுப்பறையை விடாமல் வைத்திருந்த கடைகள்தான் மிஞ்சியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடையில் விலையைப் பார்த்ததும் எம்மவர் முதலில் செய்வது கைத்தொலைபேசியை எடுத்துச் சீனாவிலிருந்து வரும் விலையைப் பார்ப்பது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாகாது. ஒரு ரெசிஸ்ரர் வாங்க வருபவருக்காக ஒருவர் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருக்கிறார். இன்றே கிடைக்கிறது. தபாலுக்கு இரண்டு மூன்று கிழமை காத்திருக்க வேண்டியதில்லை. பழுதென்றால் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளையின் பள்ளி வேலை திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமென்றால் அந்த மேலதிக டொலருக்கு அர்த்தம் உண்டு.

விலையேற்றத்தின் பெரும்பகுதி கடைக்காரர் கையிலும் இல்லை. இந்தச் சாமான்களுக்கெல்லாம் அடிப்படை விலை அமெரிக்க டொலர். றாஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை 2012 பெப்ரவரி கடைசியில் 35 அமெரிக்க டொலருக்கு வெளிவந்தது. அப்போது எமது டொலர் அமெரிக்க டொலரை விடப் பெறுமதி கூடி இருந்தது. தபாற் செலவு நீங்கலாக 33, 34 அவுஸ்திரேலிய டொலருக்கு அடங்கியது. எமது டொலர் 65 சதத்தில் நிற்கும்போது அதே 35 அமெரிக்க டொலர் இங்கே 54 டொலர் ஆகிறது. பலகையின் விலை ஒரு சதமும் ஏறாமலே இவ்வளவு! இதன்மேல் வரி வேறு. முன்பெல்லாம் 1000 டொலருக்கு உட்பட்ட சாமானை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஜீ.எஸ்.ரீ. இல்லை. 2018 ஜூலை 1 முதல் அதற்கும் நூற்றுக்குப் பத்து வீதம் அறவிடுகிறார்கள்.

இவை மெல்ல மெல்ல ஏறியவை. 2020க்குப் பின் வந்தது வேறு விதம்.

கொரோனாக் காலத்தில் கார் விற்காது என்று நினைத்த கார்க் கம்பனிகள் சிப்புக்குக் கொடுத்திருந்த ஓடர்களை வெட்டின. அதேவேளை வீட்டுக்குள் அடைபட்ட உலகம் முழுவதும் கணினி, தொலைக்காட்சி, விளையாட்டுப் பெட்டி என்று வாங்கிக் குவித்தது. சிப் செய்யும் தொழிற்சாலைகள் காலியான இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டன. சில மாதத்தில் கார் வாங்கச் சனம் திரும்பி வந்தது. கார்க் கம்பனிகள் திரும்பிப் போனபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. அந்நேரம் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக இடி விழுந்தது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனிப்புயல். மின்சாரம் போய், ஒஸ்ரின் நகரிலுள்ள சாம்சுங், என்எக்ஸ்பி, இன்பினியன் தொழிற்சாலைகள் நின்றன. மார்ச் 19இல் யப்பானில் ரெனெசாஸ் கம்பனியின் நாகா தொழிற்சாலையில் தீ. அதே காலத்தில் தாய்வானில் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் காணாத வரட்சி. சிப் கழுவத் தூய தண்ணீர் ஏராளமாக வேண்டும். அங்குள்ள தொழிற்சாலைகள் தாங்கி லொறிகளில் தண்ணீர் ஏற்றும் நிலை வந்தது.

இதில் மைக்ரோகொன்ரோலர்கள்தாம் அதிகம் அடிபட்டன. அதற்கு ஒரு காரணம் உண்டு. கைத்தொலைபேசிக்குரிய சிப்புகளைப் புத்தம்புதிய இயந்திரங்களில் செய்கிறார்கள். அதில் இலாபம் கூட. அதனால் புதுத் தொழிற்சாலை கட்டவும் பணம் போடுவார்கள். மைக்ரோகொன்ரோலர்கள் பெரும்பாலும் பழைய இயந்திரங்களில், பழைய முறையில் செய்யப்படுபவை. ஒன்றின் விலை ஒன்று இரண்டு டொலர்தான். அதற்காகப் புதிதாகப் பழைய தொழிற்சாலை கட்ட எந்த முதலாளியும் முன்வர மாட்டார். இருப்பது போதாமல் போனபோது பெருக்க வழியில்லை. எஸ்ரிஎம்32 போன்ற சிப்புகளுக்கு 52 கிழமை காத்திருக்க வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள். ஒரு வருடம்! கிடைக்காது என்ற பயத்தில் தேவைக்கு மேல் ஓடர் கொடுத்தவர்களும், வாங்கிப் பதுக்கிய இடைத்தரகர்களும் சேர்ந்து நிலைமையை இன்னும் கெடுத்தார்கள். சில டொலர்ச் சிப்புக்குப் பத்து மடங்கும் அதற்கு மேலும் கேட்ட காலம் அது.

கார்க் கம்பனிக்கே சிப் இல்லையென்றால் கராஜில் ஒற்றைச் சிப்புக்கு நிற்கும் பிள்ளையை யார் கவனிப்பார்? றாஸ்பெரி பை கம்பனி 2021 அக்டோபரில், தன் வரலாற்றில் முதற் தடவையாக விலையை உயர்த்தியது. 35 டொலராக இருந்த 2 ஜிபி பலகை 45 ஆனது. இருந்த கொஞ்சத்தையும் அதை நம்பித் தொழில் செய்யும் கம்பனிகளுக்கு முதலில் கொடுத்தார்கள். கடைகளில் மாதக்கணக்கில் "கையிருப்பு இல்லை". 2023 நடுப்பகுதிக்குப் பின்னர்தான் நிலைமை சீராகியது.

தட்டுப்பாடு என்ற சொல்லை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990 நடுப்பகுதியில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது, தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியலில் ரோச் லைற் பற்றரியும் இருந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் இன்னொருவர் றேடியோவைக் காதோடு வைத்துத் தமிழோசை கேட்டார். சுழற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் இழுத்தார்கள். ஒரு றேடியோ பழுதானால் இன்னொரு பழுதான றேடியோவிலிருந்து ரான்சிஸ்ரரைக் கழற்றிப் போட்டார்கள். அந்தத் தடை 2002 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. தீயாலும் வரட்சியாலும் வந்த தட்டுப்பாட்டையும், ஒரு மக்களின் மேல் வேண்டுமென்றே வைத்த தடையையும் ஒரு தராசில் வைக்க நாம் வரவில்லை. ஆனால், சன்ஷைன் கடையில் நிறக்கோடு வாசித்த அந்தப் பெரியவரின் கை அந்தக் காலத்தில் பழகிய கை. அவர் பேத்திக்குச் சொன்னது இதுதான்: "இல்லாட்டில் எதில இருந்து கழற்றலாம் எண்டு முதல் பார்."

இங்கும் அதைத்தான் செய்தார்கள், வேறு விதமாக. சிலிக்கன் சிப் என்று ஒரு மாத சஞ்சிகை 1987 நவம்பர் முதல் சிட்னியிலிருந்து வருகிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய மின்னணுச் சாதனங்களை வரைபடத்தோடு விளக்கும் சஞ்சிகை. அதிலே ஜெப் கிரகாம் என்னும் அவுஸ்திரேலியர் 2011இல் மக்சிமைற் என்ற சிறு கணினியையும், 2014இல் மைக்ரோமைற் என்பதையும் வெளியிட்டார். இரண்டுக்கும் உயிர் பிக்32 என்ற வகைச் சிப். பின்னது 28 காலுள்ள ஒற்றைச் சிப். வாங்கிப் பலகையில் குத்தி, பேசிக் மொழியில் நேரே எழுதலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் பிக் வகைச் சிப்புகள் பல கிடைப்பதே அரிதாயின. அதே பேசிக் மொழியை றாஸ்பெரி பை பிக்கோ என்ற வேறொரு பலகையில் ஓடும்படி மாற்றி, பிக்கோமைற் என்று பெயரிட்டு, 2022 தொடக்கத்தில் அதே சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மென்பொருள் இலவசம்.

பிக்கோவைத் தேர்ந்ததற்குக் காரணம் அது கிடைத்ததுதான். 2021 ஜனவரியில் 4 அமெரிக்க டொலருக்கு வந்த பலகை அது. அதிலுள்ள ஆர்பி2040 சிப்பை மிகச் சிறிதாக வடிவமைத்திருந்தார்கள்; தாய்வானில் ஒரு சிலிக்கன் தட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டி எடுக்கலாம். மற்றச் சிப்புகளுக்கு உலகம் வரிசையில் நின்றபோது இது மட்டும் கடையில் இருந்தது. இன்றைக்கும் சாதாரண பிக்கோ பத்து டொலருக்குள் அடங்கும். 2024 ஓகஸ்டில் வந்த பிக்கோ 2 இன் விலை 5 அமெரிக்க டொலர். எம்மோடு வந்த பிள்ளை விலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பள்ளிக்கூடக் கன்ரீனில ஒரு சாப்பாட்டுக் காசு" என்றாள். அப்பாவின் முகத்தில் தெரிந்த ஆறுதலை எழுதாமல் விட முடியவில்லை.

சன்ஷைனிலிருந்து ஸ்பிரிங்வேல் போவது முன்பெல்லாம் நகரில் இறங்கி ஏறும் வேலை. 2025 நவம்பர் 30இல் மெட்ரோ சுரங்கப் பாதை திறந்தபின் அந்தத் தொல்லை நீங்கியது. சன்ஷைனில் ஏறினால் ஆர்டன், பார்க்வில், ஸ்ரேற் லைப்ரரி, ரவுண் ஹோல், அன்சாக் என்ற ஐந்து புதிய நிலத்தடி நிலையங்களையும் கடந்து நேரே ஸ்பிரிங்வேலில் இறங்கலாம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிள்ளைகளுக்கு அந்த உயர்ந்த நிலையங்களைக் காட்டுவதற்காகவே ஒருமுறை போகலாம். மேற்கிலுள்ள எம்மவரும் டண்டினோங் பக்கத்து எம்மவரும் இனித் தூரத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

ஸ்பிரிங்வேல் அகதிகளின் ஊர். 1970இலிருந்து 1992 வரை இங்கே என்ரர்பிறைஸ் என்ற குடிவரவாளர் விடுதி இருந்தது. வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் முதலில் இறங்கிய இடம் அது. விடுதி மூடப்பட்டாலும் அவர்கள் ஊரை விடவில்லை. கடைத்தெரு முழுவதும் அவர்களின் கை. மீனும் முருங்கையிலையும் பச்சை மிளகாயும் மலிவாக வாங்க எம்மவரும் போவார்கள்.

அந்த ஊரிலே பிரின்சஸ் நெடுஞ்சாலையில் ஓல்ற்றோனிக்ஸ் கடை இருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து நல்ல நடை. 1976இல் பேர்த் நகரில் தொடங்கிய கம்பனி. மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேலிலும் எயார்போர்ட் வெஸ்ற்றிலும் கிளைகள். டார்னெய்ட்டிலிருந்து காரில் போவோருக்கு எயார்போர்ட் வெஸ்ற் கிட்ட. ஜேகாரை விடத் தொழில் செய்வோருக்கான சாமான் இங்கு கூட என்பது எமது எண்ணம். தனிச் சிப், சிப் தாங்கி, இணைப்பு வயர், பெட்டி எல்லாம் உண்டு. எம்மில் ஒருவர் இணையத்தில் ஏதோ ஒரு விற்பனையாளரிடம் மலிவாகத் தருவித்த பத்துச் சிப்பில் நாலு வேலை செய்யவில்லை. மேலே எழுதியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தப் பெயர் மாற்றும் வியாபாரம் உலகமெங்கும் பெருகியது. விலை அளவுக்கு மீறிக் குறைந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டுமுறை யோசிக்கவும்.

தட்டுப்பாடு போய்விட்டது, விலையேற்றம் போகவில்லை. இப்போதைய இடி வேறு திசையிலிருந்து விழுகிறது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினி நிலையங்கள் உலகின் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. அதனால் 2025 டிசெம்பரில் றாஸ்பெரி பை 5 இன் 16 ஜிபி பலகை 120 அமெரிக்க டொலரிலிருந்து 145க்கு ஏறியது. பெற்றோர் இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். றாஸ்பெரி பை 5 என்பது முழுக் கணினி. அதற்கு வெளியிலிருந்து நினைவகச் சிப் வேண்டும், ஆகவே விலை ஏறுகிறது. பிக்கோ என்பது மைக்ரோகொன்ரோலர். அது வேலை செய்யும்போது பயன்படுத்தும் சிறிதளவு நினைவகம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே இந்த ஏற்றம் அதைப் பெரிதாகத் தொடவில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் குழம்பி, விளக்கு மினுக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் அந்த விலைகூடிய சாமானை வாங்கத் தேவையில்லை.

இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகையைப் பள்ளிக்கூடம் கேட்டால், அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அதையே பார்த்துப் பிற கம்பனிகள் செய்யும் பலகைகள் சட்டபூர்வமானவை, விலையும் குறைவு. இந்தக் கடைகளிலேயே விற்கிறார்கள். வைபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 என்ற சீனச் சிப்புள்ள பலகையும் பிக்கோ டபிள்யூவும் மலிவு. சோல்டர் அயன் வாங்கும்போது மட்டும் மிக மலிவானதைத் தவிர்க்கவும்; சூடு நிலைக்காமல் பிள்ளை வெறுத்துவிடும். முதல் இரண்டு மாதத்துக்கு அதுகூடத் தேவையில்லை, துளைப்பலகையில் குத்தியே எல்லாம் செய்யலாம். பணம் செலவழிக்காமல் பார்க்க விரும்புவோர் டார்னெய்ட்டிலுள்ள ஜூலியா கிலார்ட் நூலகத்துக்குப் போகலாம். 1998 முதல் 2013 வரை இத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்து பிரதமராகவும் ஆனவரின் பெயர் அதற்கு. அங்கத்துவம் இலவசம், கணினியும் உண்டு.

பழைய சாமானைக் கழற்றும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் மின்னணுக் கழிவைக் குப்பை மேட்டில் கொட்டத் தடை. பழுதான வீடியோப் பெட்டி, பிறின்ரர் போன்றவற்றை வெரிபீயில் வெஸ்ற்ஸ் வீதியிலுள்ள மாநகரசபைக் கழிவு நிலையத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் மோட்டார், சுவிச்சு, வயர் கழற்றுவது உங்கள் பாடு. ஆனால் மைக்ரோவேவைத் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ஊரில் நாங்கள் சுவரைத் திறந்து வயர் மாற்றியவர்கள்தாம். இங்கே அது அனுமதிப்பத்திரம் உள்ளவரின் வேலை. பிள்ளைகளுக்கு யூஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ற் போதும்.

அன்றைய பயணத்தின் பின் டார்னெய்ட்டில் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். ரெசிஸ்ரர், எல்ஈடி, இணைப்பு வயர் போன்றவற்றை நூறு நூறாக வாங்கினால் ஒன்று சில சதத்துக்குள் வரும். தபாற் செலவும் ஒன்றுதான். ஆகவே ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரே ஓடராகத் தருவித்து, சரக்குத்தூள் வந்த போத்தல்களைக் கழுவி அவற்றில் பிரித்துக் கொடுக்கிறோம். ஒரு போத்தலில் இன்னும் மிளகுதூள் மணம் போகவில்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறது. அடுத்த ஓடர் பள்ளி விடுமுறை தொடங்க முன் போகும். பிக்கோ எத்தனை, எல்ஈடி என்ன நிறம் என்று வேண்டியவர்கள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சொல்லிவிடவும். சிவப்பு ஏற்கெனவே போதியளவு இருக்கிறது.